பதில் வராதவை

“வடிவ மாற்றம் கோரும் கடிதம் எதற்கும் தலைமையகம் தாமதமின்றி எழுத்தில் பதிலளிக்க வேண்டும்.” எங்கள் நிறுவன விதி இது. தாமதம் என்றால் எவ்வளவு என்று விதி சொல்லவில்லை, எழுதியவர்கள் அனுபவசாலிகள். அதை நினைத்தால், ஒரே ஒரு வரியோடு என் கணினித் திரையில் திறந்து கிடந்த சிறு கட்டம்தான் கண்முன் வருகிறது. அதன் தலைப்பு ‘பதில் வராதவை’.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மலாக்கா நகரில் மின்னஞ்சல் மென்பொருள் எழுதும் சின்ன கிளை அலுவலகத்தில் நான் நிர்வாக அதிகாரி. எங்கள் புரோகிராமர், சுங்கை ரம்பாய்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வரும் பெண், ஒப்பந்த வேலை. அஞ்சல்களில் அடிக்கடி தேடுவதை ஒரு பெயரிட்டுச் சேமித்து வைத்தால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அந்தச் சேமிப்புக்கு ஒரு வடிவம் அமைப்பது அவர் பொறுப்பு. தலைமையகம் அதை ஏற்றால் ஒப்பந்தம் நீளும்.

பாரங்களோடே, அதாவது படிவங்களோடே, காலம் தள்ளிய நான், தேடல் நிபந்தனைகளுக்கு நான்கு கட்டம் போதும் என்றேன்: அனுப்பியவர், பொருள், தேதி, கடைசியில் அரசாங்க பாரங்களில் உள்ளதுபோல் ‘லாயின்-லாயின்’, அதாவது இதர. சோதித்துப் பார்த்தபோது அலுவலகத்தின் தேடல்கள் எல்லாமே இதரவில் போய்க் குவிந்தன. கணக்காளர் ‘பாஸ் திட்டியவை’ என்றுகூட அதில் எழுதியிருந்தார்.

“எல்லாத்தையும் லாயின்-லாயின்ல தள்ளிட்டா அப்புறம் எதைத் தேடுறது அண்ணே? பாரத்துக்கு ஏத்த மாதிரி ஆளுங்க யோசிக்க மாட்டாங்க லா,” என்றார் அந்தப் பெண், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வை வாக்கியத்தின் கடைசியில் ஒட்டி.

அவர் கட்டங்களையே எடுத்துவிட்டார். ஒவ்வொரு நிபந்தனையும் தன் பெயரோடு ஒரு வரி. எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கலாம். மென்பொருளின் ஒரு பதிப்புக்குப் புரியாத வரி வந்தால் அதை அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். புரியாததைக் கிழித்துப் போடாத அலுவலகத்தை நான் அதுவரை கண்டதில்லை. என்னதான் ஆகும் பார்ப்போம் என்று கூடவே உட்கார்ந்தேன். ‘பதில் வராதவை’ என்று ஒரு தேடலைச் சேமித்தோம்; நாங்கள் அனுப்பி இன்னும் பதில் வராத கடிதங்களை மட்டும் அது திரையில் ஒரு சிறு கட்டத்தில் காட்டும். மேலாளரின் கணினியில் இருந்த முந்தைய பதிப்புக்கு அந்த நிபந்தனை தெரியாது. அதில் திறந்து, மீண்டும் சேமித்து, என் கணினிக்குக் கொண்டுவந்தோம். நிபந்தனை வரி சேதமில்லாமல் திரும்பி வந்திருந்தது.

ஒப்புதல் கேட்டு அலுவலகப் பொது முகவரியிலிருந்து தலைமையகத்துக்கு எழுதினோம். அனுப்பிய மறுகணமே அந்தக் கடிதம் கட்டத்தில் ஒற்றை வரியாக வந்து உட்கார்ந்தது. தீபாவளிக்கு அவர் முறுக்கு கொண்டுவந்தபோதும் அங்கேயே இருந்தது. ஆண்டு முடிவில் ஒப்பந்தம் தீர்ந்து அவர் வீட்டோடு இருந்தபோதும் அங்கேயே. நான் தொலைபேசியில் நினைவூட்டியபோதெல்லாம், பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு காலை கட்டம் காலியாக இருந்தது. நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து அஞ்சல்களைப் புரட்டினேன். பதில் வந்திருந்தது. உடனே அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“கட்டம் காலியாயிருச்சும்மா.”

“நீங்க ஒண்ணும் தட்டலையே? தானா காலியாச்சா?”

“தானாத்தான்.”

“அப்ப வேலை செய்யுது லா,” என்றார். அதற்குப் பிறகுதான் பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வடிவம் ஏற்கப்பட்டது, வேலைக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

இப்போது மலாக்காவின் தங்கா பத்து பகுதியில் என் வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசி தானாக வகைபிரித்துக் கொட்டும் அஞ்சல்களைப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாத கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த ஒரு காலைதான். அன்று நடைமுறைப்படி கோப்பில் குறித்தேன்: பதில் கிடைத்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.