மாமாவின் கை, ஹீரோவின் முகம்

எங்கள் மாமா சினிமாவில் நடித்தவர். சிரிக்காதீர்கள், உண்மைதான். நடித்தது அவருடைய கை மட்டும்தான் என்பது படம் ரிலீஸ் ஆகும்வரை யாருக்கும் தெரியாது, மாமா உட்பட.

அம்மாவுக்கு ராணிப்பேட்டையில் வேலை. நான் வளர்ந்ததெல்லாம் ஆம்பூரில், மாமா வீட்டில். மாமா ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவார். ஆடி மாதம் வந்துவிட்டால் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போவார். ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம் அது. எங்கள் பக்கத்தில் பம்பை அடித்தால்தான் அம்மன் யார் மேலாவது இறங்குவாள். அதில் ஒரு கண்டிஷனும் உண்டு. அடித்து வரவழைத்தவரே அடித்து மலையேற்றவும் வேண்டும். வேறு ஆள் அடித்தால் அம்மன் அசையமாட்டாள்.

பம்பைக்காரன் ஒருவன் பிழைப்புக்குத் திண்டாடுகிற கதையைப் படமெடுக்கப் பேரணாம்பட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஹீரோவுக்குப் பம்பையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லையாம். மாமாவைக் கூப்பிட்டு, ஹீரோவின் சட்டையையே மாட்டிவிட்டு அடிக்கச் சொன்னார்கள். திரும்பி வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கேமராவ இங்க கொண்டாந்து வெச்சாங்க," என்று மூக்குக்கு நேராகக் கையைக் காட்டுவார். கம்பெனி, டீக்கடை, பஸ் என்று ஓர் இடம் விடாமல் சொல்லிவைத்தார்.

ரிலீஸ் அன்று ஹீரோவின் ரசிகர்கள் கட்அவுட்டுக்கு முன்னால் வந்து அடிக்கச் சொன்னார்கள். அதைத் தனக்குச் செய்கிற மரியாதை என்றே நினைத்து மாமா வெளுத்துவாங்கினார். பிறகு பம்பையை டிக்கெட் கவுன்ட்டர் ஓரமாக வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கும் அத்தைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். பின்வரிசை முழுக்கக் கம்பெனி ஆட்கள்.

ஹீரோ அழுதார், பட்டினி கிடந்தார், நடுவில் காதலும் செய்தார். மாமா வரவில்லை. "இருங்க, கோயில் சீன்ல வருவேன்," என்றார்.

கோயில் சீன் வந்தது. பம்பை முழங்கியது. திரை முழுக்க இரண்டு கைகள். கம்பெனி மெஷினில் மாட்டி நசுங்கிய அந்தக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்ததுமே, "மாமா கை!" என்று கத்திவிட்டேன். அடுத்த நொடி கேமரா மேலே ஏறியது. அங்கே ஹீரோ வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, தலைய எங்க வெச்சிட்டு வந்தே?" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே அந்தப் பம்பைய தொட்டா ஏன்னு கேளு. நாளைக்கே வித்துட்றேன்," என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எட்டி என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோடி," என்றாள். பிறகு எழுந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தியேட்டரே ஆடிப்போய்விட்டது. அத்தைக்குச் சாமி வந்துவிட்டது! அதற்குமுன் ஒருநாளும் வந்ததில்லை.

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. மேனேஜர் பாய் ஓடிவந்தார். "யா அல்லா, பேஜாரா போச்சே! யாராவது எறக்குங்கப்பா!"

கேன்டீனிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. அத்தை அதைப் பிடுங்கி வீசினாள். "என்னக் கூப்ட்டவன் எங்கடா? அவன் வராம நான் போவமாட்டேன்!"

ஹீரோ வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. "யோவ், அவரக் கூப்புடுங்கய்யா! பம்பைய எடுத்தாங்க!" என்று கத்தியது, சிரித்த அதே பின்வரிசைதான். பாயே ஓடிப்போய்ப் பம்பையைத் தூக்கிவந்து மாமாவின் இடுப்பில் கட்டிவிட்டார்.

வெள்ளைத்திரைக்கு முன்னால் நின்று மாமா அடித்தார். கொஞ்சம் முன்பு படத்தில் கேட்ட அதே அடி. முதலில் தலையைத் தூக்கவேயில்லை; பிறகு நிமிர்ந்துவிட்டார். பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அத்தை மெல்ல மெல்ல அடங்கி, கண்ணை மூடிச் சீட்டில் சரிந்தாள். அப்புறம் கைதட்டல் எழுந்தது பாருங்கள், ஹீரோவுக்குக்கூட அப்படி விழவில்லை. "நீதானாப்பா அது? சொல்லவேயில்லையே!" என்று பாய் மாமாவைக் கட்டிக்கொண்டார். ஊர் முழுக்கச் சொன்ன மனிதரைப் பார்த்து!

அந்த ஆடிக்குப் பள்ளிகொண்டா வரைக்கும் மாமாவைக் கூப்பிட்டார்கள். விற்கிற பேச்சு அதோடு போனது. இந்த வருஷமும் அடித்தார். அந்த முகத்தைப் பார்க்கையில் என் வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியதற்காக மாமா இன்னமும் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார். நானும் கும்பிடுகிறேன். ஆனால் என் நன்றியெல்லாம், பக்கத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் அத்தைக்குத்தான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒரு கீறல் இல்ல. நல்ல புள்ள," என்றாள். அம்மன் வரப்போவது அத்தைக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியை உடைக்காமல் வைத்திருந்த பெருமை எனக்கு.