எங்க கடைப் பாண்

ராகலை டவுனில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எங்கிருந்தோ சூடான பாண் ரொட்டி வாசம் வந்தது. மற்றவர்களுக்குப் பசித்திருக்கும். எனக்கு வயிறெரிந்தது.

இப்போது போன் கடை இருக்கும் இடத்தில்தான், என் சின்ன வயதில், நானா என்று எல்லோரும் கூப்பிட்ட முஸ்லிம் முதலாளியின் பேக்கரி இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சாந்தியின் அப்பா அங்கே மாவு பிசைந்தார். தீபாவளிக்கு முன்னால் நானா அந்த வருஷத்து லாபத்தில் வேலையாட்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார். அன்று சாயங்காலமே சாந்தியின் அப்பா, மாவு மூட்டைத் துணியில் பாண்களைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தூறலில் மேடேறி வந்து, காம்பராவுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போவார். மேல்தோல் மொறுமொறுவென்றிருக்கும், பிய்த்தால் ஆவி வரும். சாந்தி கூடவே வந்து ஒவ்வொரு வாசலிலும், "எங்க கடைப் பாண்," என்பாள். பாணை விழுங்கிவிடுவேன். அந்த 'எங்க' மட்டும் தொண்டையிலேயே நிற்கும்.

ஒரு வருஷம் பொறுக்க முடியாமல், தோட்டத்தில் அப்பாவுக்கு மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத் தூளில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து அவளிடம் நீட்டினேன்.

"இது எங்க ஸ்டோர் தேயிலை," என்றேன், லயத்துக்கே கேட்கும்படி.

ஸ்டோர் என்கிற அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருஷமாகக் கொழுந்து அரைத்த அப்பா, பதறி ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"அப்படிச் சொல்லாத புள்ள. களவெடுத்ததுன்னு நெனச்சிருவாங்க."