சித்தி இழுத்த கரைவலை

அக்கம்பக்கத்தில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, பெங்களூர் விவேக் நகரிலிருந்து நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போனது உண்மையில் சித்தியைப் பெண் பார்க்கும் காரியத்துக்காக. மாப்பிள்ளை வீட்டார் திருச்சிக்காரர்கள். காலையில் எங்கள் லாட்ஜுக்கே வருவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் சொல்ல, சித்தியைக் கேட்காமலே அம்மா சரி என்றிருந்தாள். சித்தி அப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவந்தாள். எனக்கு எட்டு வயது. கடலைப் பார்த்ததில்லை என்பதைத் தவிர வேறு கவலை கிடையாது.

விடியும் முன்பே சித்தி என்னை எழுப்பினாள். பெண் பார்க்க என்று வாங்கிய ரோஜா நிறப் பட்டுப்புடவையை அதற்குள் கட்டியிருந்தாள். சீக்கிரம் வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லி என்னைக் கூட்டிப்போனாள்.

இருட்டில் கடல் முதலில் சத்தமாகத்தான் வந்தது. வெளிச்சம் பரவியதும், அல்சூர் ஏரியைவிடக் கொஞ்சம் பெரியதுதான் என்று தீர்மானித்தேன். மொட்டையடித்த ஒரு குடும்பம், சந்தனம் காயாத தலைகளோடு, அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் ஒவ்வொரு அலைக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் கிட்டே போனதும் நண்டுகள் வளைக்குள் மறைந்தன.

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் போன நீளக் கயிற்றைப் பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்தார்கள். நாங்கள் நெடுநேரம் நின்று பார்த்ததில் பொறுமையிழந்த ஒரு பெண் திரும்பினாள்.

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு கை குடேன் தாயி."

சித்தி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். பட்டு முழங்கால் வரை நனைந்தது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட இரண்டு கையால் தூக்குகிறவள், அங்கே எல்லோரோடும் சேர்ந்து ஏலேலோ போட்டாள். சூரியன் வந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்பா மணலில் கால் புதைய வேகமாக வந்தார்.

"அவங்க வந்து ஒக்காந்திருக்காங்க. கெளம்பும்மா."

"வல இன்னும் கரைக்கு வரல மாமா. நான் வரல."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

அப்பா லாட்ஜ் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, பேன்ட்டை மடித்துவிட்டு, சித்திக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார்.

வலை வந்தது. நெத்திலியும் சொறிமீனும் மணலில் கொட்டின. காகங்கள் இறங்கின. மீன் வாடையோடு நாங்கள் லாட்ஜுக்குப் போனபோது, மாப்பிள்ளையின் அம்மா புடவையின் ஈரத்தையும் ஒட்டியிருந்த மணலையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். காபியைத் தொடாமலே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

பெங்களூர் திரும்பும் பஸ்ஸில் அம்மா எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரம் சித்தி கயிறு கீறிய உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. விளையாட்டு மும்முரத்தில் நேரத்தை மறந்து ஒரு நல்ல மாப்பிள்ளையைக் கோட்டைவிட்டுவிட்டாளே என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

"அடுத்த தடவ நான் டைம் பாத்து சொல்றேன் சித்தி."

சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. முன் சீட்டில் அப்பாவின் தோளும் குலுங்கியது. பாவம், இரண்டு பேருமே அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.