கொம்பு வருவதற்குள் கவிழ்ந்த ஆட்சி

எழுபதுகளின் கடைசியில் மத்தூருக்குப் பக்கத்து ஊரில் முதியோர் கல்வி வகுப்பு எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கூலிவேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். பாடப் புத்தகமும் விளக்குக்கு மண்ணெண்ணெயும் தில்லி அரசாங்கம் கொடுத்தது.

அவர்களில் ஒரு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எதற்கும் ‘ஏன்’ என்பார். ‘கா’வுக்குக் கால் பக்கத்தில் நிற்கிறது, ‘கி’க்கு மட்டும் ஏன் தலைமேல் சுழிக்கிறது? அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தைப் பலகையில் எழுதுவேன்.

முதல் புத்தகம் முடிந்தது. கொம்பு போட்ட எழுத்துகள் இரண்டாம் புத்தகத்தில்தான். அது வருவதற்குள் தில்லியில் ஆட்சி கவிழ்ந்தது. புத்தகம் வரவில்லை. பிறகு மண்ணெண்ணெயும் நின்றது. கிருஷ்ணகிரிக்குப் போய் அலுவலகத்தில் கேட்டேன்.

“வகுப்பு சரியில்லன்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா சார்?”

“நல்லா நடக்குதுன்னுதான் ரிப்போர்ட் போயிருக்குதும்மா. அதப் படிக்க வேண்டியவங்கதான் மாறிட்டே இருக்காங்க,” என்றார் அதிகாரி.

குறை கண்டு நிறுத்தியிருந்தால் புரிந்திருக்கும். யாரும் நிறுத்தாமலே ஒன்று எப்படி நின்றுபோகும்? திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்த அக்காவை மத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

“தருமபுரி பஸ்ஸு படிக்க வருது டீச்சரம்மா. சேலம் பஸ்ஸு வர மாட்டேங்குது, முன்னாடி கொம்பு நிக்குது. எங்கியோ ஆட்சி போனா எங்க எழுத்து ஏன் நிக்கணும்?”



பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு ஆட்சியில், வேறொரு பெயரில் அதே வகுப்பு வந்தது. என்னையே கூப்பிட்டார்கள். பழையவர்களும் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா புதுப் புத்தகத்தில் கொம்பு தொடங்கும் நடுப்பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

“இங்கருந்து சொல்லிக் குடுங்க. முன்னாடி பக்கமெல்லாம் எங்கியும் ஓடிப் போவாது. இந்த ஆட்சி எத்தன நாளைக்கோ?”

அப்படியே செய்தேன். மேற்பார்வையாளர் வந்த அன்று மட்டும் எல்லோரும் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்கள். அவருக்குப் பரம திருப்தி.

தில்லியில் மறுபடியும் ஆட்சி மாறியது. இந்த வகுப்பும் பாதியில் நின்றது. அதற்குள் நாங்கள் கொம்பை முடித்திருந்தோம்.

கடைசி நாள் நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் நின்று கேட்டார்:

“அடுத்து வர்றவங்க கணக்கு சொல்லித் தருவாங்களா டீச்சரம்மா?”