எங்கள் தெருவின் நல்ல தண்ணீர்

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் மஞ்சளாக ஏடு கட்டியிருக்கும். அதில் வடித்தால் சோறும் மஞ்சள்தான். மேற்கே தோல் பதனிடும் டேனரிகள் வரிசையாக நிற்கிற ஊரில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. நானே ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவன். தோலைத் திட்டிவிட்டு எந்த வாயால் சாப்பிடுவது?

என் மனைவிக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது என்றார்கள். தண்ணீர்தான் காரணமா என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாது. எதுக்கும் தண்ணிய மாத்துங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் கேன் தண்ணீர். எங்கள் தெருவில் கேன் வாங்கிய வீடு எங்களுடையது ஒன்றுதான். நானும் பிள்ளைகளும் போர் தண்ணீரையே குடித்தோம்.

அடுத்த கோடையில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். குடிக்கிற தண்ணீரையும் சிறுநீரையும் வீடுவீடாக வாங்கிச் சோதிப்பார்களாம். தண்ணீர் மோசம் என்று தெரிந்தால் தெருவுக்குச் சுத்திகரிப்பு மெஷின் வரும், மாதாமாதம் டாக்டர் வந்து பார்ப்பார் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளை இனி பஸ்ஸில் போட்டு இழுத்தடிக்க வேண்டாம், பிள்ளைகளாவது தப்பிக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

மாதிரி எடுத்த அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புதுக் கேன் காலியாகக் கிடந்தது.

"இன்னா, அதுக்குள்ள தீந்துபோச்சா?"

"தெருவுல எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போனாங்க. மாதிரி எடுக்க வந்த பொண்ணு பாட்டில நீட்டி, நீங்க குடிக்கிற தண்ணிய குடுங்கக்கான்னு கேக்குது. வெயில்ல வந்த புள்ளைக்கு அந்த மஞ்ச தண்ணியவா குடுக்கறது? அசிங்கமா இல்ல?"

தெருவே அப்படித்தான் நினைத்திருக்கிறது. வீடு தேடி வந்தவர்களுக்கு இருப்பதில் நல்லதைக் கொடுத்தே பழகியவர்கள். சோதனைக்குத்தான் கேட்கிறார்கள் என்று தெரியாமலும் இல்லை. தெரிந்தும் மனம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பாட்டிலிலும் என் வீட்டுக் கேன் தண்ணீர். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

"மேல சொல்றேண்ணா" என்றாள்.

சொல்லியும் இருப்பாள், நல்ல பெண்தான். ஆனால் மறுபடி எடுக்க யாரும் வரவில்லை. சில மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் தெருவில் குடிநீர் நன்றாக இருக்கிறதாம். சிறுநீரில்தான் நிறையப் பேருக்குக் கோளாறாம், உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். நல்ல தண்ணீர் குடிக்கிற தெருவுக்கு மெஷின் எதற்கு, டாக்டர் எதற்கு? இரண்டும் வேறு ஊருக்குப் போயின. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. அந்தப் பெண் மேலா, இவள் மேலா?

இப்போது இவளுக்கு டயாலிசிஸ். அதே பஸ்ஸில்தான் போய்வருகிறோம். சிறுநீர் அறவே நின்றுவிட்டதால் உடம்பில் நீர் சேரக் கூடாது. நாள் முழுக்கச் சிறிதளவுதான் குடிக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று அழுகிறாள்.

யாராவது பார்க்க வந்தால் மட்டும் படுத்தபடியே என்னை அதட்டுகிறாள்.

"முதல்ல அவங்களுக்குத் தண்ணி குடுங்க."

கொடுக்கிறேன். அவர்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போன பிறகு, "எனக்கும் ஒரு வாய்" என்பாள். வந்தவர் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லாதவளிடம் தினமும் இல்லை என்று சொல்கிறவன் நான்தான்.