கூடத்தில் ஒரு காது

லலிதாம்பிகைக்கு அந்தப் பெட்டியை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. மகன் சபரீஷ் அதைக் கடலூரிலிருந்து காரில் கொண்டுவந்து, சிதம்பரம் வீட்டுக் கூடத்தில் புத்தக அலமாரியின் மேல் வைத்தான். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் வரும் அகலத்துக்கு ஒரு திரை, அதன் பின்னால் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஸ்பீக்கர். பேர் சொல்லிக் கூப்பிட்டு எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாடும். மழை வருமா என்றால் பதில் சொல்லும். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும். அவன் கடலூரிலிருந்து கூப்பிட்டால் திரையில் முகம் தெரியும்.

"எதையும் தொட வேணாம்மா. பேசினா போதும்" என்றான்.

"நான் பேசுறது அதுக்கு எப்புடிக் கேக்கும்?"

"மைக் இருக்கும்மா."

"நான் அதுகிட்ட பேசாதப்ப?"

சபரீஷ் சிரித்துக்கொண்டே பிளக்கைச் சுவரில் செருகினான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை லலிதாம்பிகை கவனித்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. 1984இல், இருபத்திரண்டு வயதில், கடலூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள் அவள். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகும் தினமும் பஸ்ஸில் கடலூர் போய்வந்தாள். காதில் ஹெட்செட், எதிரே துளைகள் நிறைந்த போர்டு. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்கு ஒரு டிரங்க் கால், திட்டக்குடி நெல் மண்டிக்கு இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். இணைப்பைக் கொடுத்து, இரண்டு பக்கமும் பேசத் தொடங்கிவிட்டார்களா என்று ஒரு நொடி காது கொடுத்துப் பார்த்துவிட்டு விலகிவிட வேண்டும். விலகாமல் இருந்தாலும் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

லலிதாம்பிகை ஒரே ஒரு முறை விலகாமல் இருந்தாள். அவள் தினமும் ஏறும் பஸ்ஸில் வரும் ஒரு டீச்சருடைய வீட்டு நம்பர் அது. டீச்சரின் கணவருக்கு வெளியூரில் இன்னொரு குடும்பம் இருப்பதை யாரோ அங்கே வந்திருந்த டீச்சரின் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கே தெரியாத சங்கதி லலிதாம்பிகைக்குத் தெரிந்துபோயிற்று. அதன்பிறகு டீச்சர் பக்கத்து சீட்டில் இடம் போட்டு வைத்தாலும் இவள் கவனிக்காதவளைப் போல முன்னால் போய் நின்றுகொள்வாள். எட்டு மாதம் கழித்து டீச்சர் மாற்றலாகிப் போன பிறகுதான் அவளால் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடிந்தது.

மகன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்ததற்கும் காரணம் இல்லாமலில்லை. கணவர் சிவசுப்ரமணியன் இறந்து நான்கு வருடமாக அவள் தனியாக இருக்கிறாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை வேலைக்கு ஆரோக்கியம்மாள் வந்து பார்க்கும்வரை மூன்று மணி நேரம் தரையிலேயே கிடந்தாள். இடுப்பு எலும்பு தப்பித்தது. சபரீஷ் அன்றிலிருந்து கடலூருக்கே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். அவள் மாட்டேன் என்றாள். அதற்குப் பதிலாகத்தான் இது வந்தது.

அவளிடம் ஏற்கெனவே ஐந்நூறு பாட்டு அடங்கிய, பொத்தான் வைத்த சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. சமையலறை, மாடி என்று எங்கே போனாலும் கையோடு எடுத்துப்போவாள். இனி அது எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாம் என்றான் சபரீஷ். அது பாடுவதோடு நிறுத்திக்கொள்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. புதுப் பெட்டியிடம் அவள் அநேகமாகப் பேசவே இல்லை. அதன் மேல் விளிம்பில் ஒரு கேமரா இருந்தது. அதை மூட ஒரு சின்னத் தகடு இருப்பதை ஒருநாள் தூசி தட்டும்போது கண்டுபிடித்து நகர்த்தி வைத்தாள். சாயங்காலமே சபரீஷ் போன் செய்து, நலம் விசாரித்துவிட்டு, நடுவில் ஒன்றுமில்லாததுபோலக் கேமராவை மூடினாயா என்று கேட்டான். தூசி விழுகிறதென்று மூடினேன் என்றாள். திற என்று அவன் சொல்லவில்லை. திரையில் அவன் கூப்பிடாத நாளில் கேமரா மூடியிருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் தகட்டை மறுபடி திறக்கவில்லை.

அதன்பிறகுதான் விஷயங்கள் கசிய ஆரம்பித்தன.

மூன்று நாளாக பிரஷர் மாத்திரை போடவில்லை என்று காலையில் ஆரோக்கியம்மாளிடம் சொன்னாள். மத்தியானம் சபரீஷ் போனில் அதட்டினான். பின்வீட்டுக்காரர்களோடு சாக்கடைத் தகராறு என்று சொன்னாள். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கேமராவைத்தான் மூடியாயிற்றே, அப்படியானால் ஆள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் மனம் ஒரே பக்கமாக ஓடியது. விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஆரோக்கியம்மாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சபரீஷின் நம்பர் அவள் போனில் அப்போதிலிருந்தே இருக்கிறது.

தீபாவளிக்குக் கடலூர் போனபோது சந்தேகம் உறுதியாயிற்று. மருமகள் அனுப்பிரியா இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, சாம்பார் வாளியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டு சாம்பார் உங்களுக்கு ஒத்துக்காதே அத்தை. ரசமே ஊத்தட்டுமா?"

லலிதாம்பிகை சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். அனு வைக்கிற சாம்பாரில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, அந்த வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் தங்க முடியாது என்று பத்து நாளைக்கு முன்னால் கூடத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே சொன்னது அவள்தான். சொன்னது ஆரோக்கியம்மாளிடம் மட்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் ஆரோக்கியம்மாள் வந்ததும் உட்காரக்கூட விடவில்லை. இங்கே பேசுவதை அங்கே கொண்டுபோய்ச் சொல்கிறவளுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை என்றாள். யாரிடம் எதைச் சொன்னேன் என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள். சபரீஷ் நம்பருக்குக் கடைசியாக எப்போது பேசினாய், போனைக் காட்டு என்று கையை நீட்டினாள் லலிதாம்பிகை. பதினோரு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிறவள் ஆரோக்கியம்மாள். போனைக் காட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த மாற்றுச் சாவியை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள்.

"நான் சொல்லலக்கா. யார் சொன்னாங்கன்னு நீங்களே பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஒரு வாரம் கழித்து, பேப்பரில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிய, "கண்ணு மறுபடி தகராறு பண்ணுது" என்று லலிதாம்பிகை தனக்குத்தானே முணுமுணுத்தாள். மறுநாள் சபரீஷ் போன் செய்தான். பாண்டிச்சேரியில் ஒரு நல்ல கண் டாக்டர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டான்.

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அவள் கூடத்துக்குத் திரும்பினாள். பெட்டியின் திரையில் மணியும் வெயில் அளவும் சாதுவாகத் தெரிந்தன. ஆரோக்கியம்மாள் சாவியை வைத்துவிட்டுப் போனது ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் அவள் உடனே ஒன்றும் செய்யவில்லை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு லைன் இன்னொரு லைனோடு கலந்திருக்கிறதென்று சந்தேகம் வந்தால், ஒரு பக்கத்தில் ஏதாவது பேசி அது எந்தப் பக்கம் போய்க் கேட்கிறது என்று பார்ப்பார்கள். அதையே செய்தாள்.

காலை பத்து மணிக்கு, யாருக்கும் டயல் செய்யாத போனைக் காதில் வைத்துக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். திட்டக்குடியில் இருக்கும் தங்கையோடு பேசுவதுபோல ஆரம்பித்தாள். "ஞானாம்பா, வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன். மங்கலம்பேட்டைக்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கெழமை பேசி முடிக்கப் போறேன். சபரீஷுகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே."

பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தாள். வேலைக்காலத்தில்கூட இப்படி ஒரு பொய்யை லைனில் விட்டதில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. அவள் விழுந்ததற்குப் பிறகு வேலைநாளில் மகன் வந்தது அதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போகலாம் என்று வந்தேன் என்றான். சட்டையை பேண்டுக்குள் செருகி, கழுத்தில் பேங்க் அடையாள அட்டையோடு வந்திருந்தான். அவள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் மேல வீதிப் போக்குவரத்தைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான். கடைசியில், வீட்டுப் பத்திரம் பீரோவில்தானே இருக்கிறது என்றான்.

"மங்கலம்பேட்டைக்காரருன்னு யாரும் இல்ல" என்றாள் லலிதாம்பிகை.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கண் தன்னையறியாமல் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

"நீ கீழ விழுந்து கெடந்தியேம்மா. மூணு மணி நேரம். எனக்கு இருவது நாள் தூக்கம் வரல" என்றான்.

"அதை எங்கிட்ட சொல்லிட்டு வச்சியா?"

சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்றான். அது உண்மைதான். அவள் அதை மறுக்கவில்லை. ஆரோக்கியம்மாளைத் துரத்திவிட்டதை மட்டும் சொன்னாள். அவனுக்கு அது தெரியாது. நான் பேங்கில் இருக்கிறேன், நாள் முழுக்க எங்கே கேட்பது, பெட்டியில் கேட்பது அனு போனில்தான் வருகிறது, அவள் முக்கியமானதை மட்டும் எனக்குச் சொல்வாள் என்றான்.

லலிதாம்பிகை எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவன் காரில் ஏறினாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டிக் கடலூர் வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தாள். மஞ்சக்குப்பத்து ஃபிளாட் வாசலில் அவளை இறக்கிவிட்டு அவன் பேங்குக்குப் போனான்.

அனுப்பிரியா ஒரு சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். காதில் ஹெட்செட்டோடு வந்து கதவைத் திறந்தாள். மாமியார் கையிலிருந்த பையையும் அதிலிருந்து தொங்கிய ஒயரையும் பார்த்ததும் ஹெட்செட்டைக் கழற்றினாள். மறைக்கப் பார்க்கவில்லை.

"மொதல்ல பயந்துதான் கேட்டேன் அத்தை. நீங்க எந்திரிச்சு நடமாடுற சத்தம் கேட்டா அணைச்சிடுவேன்."

"அப்பறம்?"

"அப்பறம் அணைக்கல. காலைல ஒம்பது மணிக்கு நீங்களும் ஆரோக்கியம்மாவும் காய் நறுக்கிட்டே பேசுவீங்க. இங்க ராத்திரி எட்டு மணி வரைக்கும் எங்கிட்ட பேச ஆளில்ல. சமையல்கட்டுல ரேடியோ மாதிரி வச்சிக்குவேன்." ஹெட்செட் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, "என்னைப் பத்திப் பேசினதும் அப்படித்தான் கேட்டுச்சு. ஆரோக்கியம்மாவைத் தொரத்தினதும் கேட்டுச்சு, அவர்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு" என்றாள்.

லலிதாம்பிகைக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று புரியவில்லை. உன் சமையலைச் சொன்னது தப்பு, முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். பிறகு, டீச்சரின் டிரங்க் காலைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள்.

"கேட்டுட்டா அப்பறம் கேக்காத மாதிரி இருக்க முடியாது அனு. தீபாவளியன்னிக்கு சாம்பார் வாளியோட நீயும் அப்படித்தானே நின்னே?"

அனுப்பிரியா தலையாட்டினாள். போனை எடுத்து, அந்த வீட்டின் இணைப்பை மாமியார் கண்ணெதிரிலேயே நீக்கினாள். நீக்கிவிட்டாளா, நீக்கியதுபோல் காட்டினாளா என்று பார்க்க லலிதாம்பிகைக்குத் தெரியாது. அதனால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டாள். இனிமேல் காலை ஏழு மணிக்குத் தானே போன் செய்வதாகவும், ஏழரை வரை வராவிட்டால் கிளம்பி வரலாம் என்றும் சொன்னாள். மருமகள் வைத்திருந்த சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்று சொன்னாள். அனுப்பிரியா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, வீட்டுக்குப் போகாமல் அம்மாபேட்டைக்கு ஆட்டோ பிடித்தாள். ஆரோக்கியம்மாள் குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தாள். நடந்ததையெல்லாம் நின்றபடியே லலிதாம்பிகை சொன்னாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றாள். ஆரோக்கியம்மாள் நிறைந்த குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்க சந்தேகப்பட்டதுகூடப் பரவால்லக்கா. போனைக் காட்டுன்னு கை நீட்டினீங்க பாருங்க" என்றாள்.

மறுபடி வேலைக்கு வரச் சொன்னாள் லலிதாம்பிகை. வேறொரு வீட்டில் ஒத்துக்கொண்டுவிட்டேன், மாதக் கடைசி வரை அங்கேதான், அப்புறம் பார்க்கலாம் என்றாள் ஆரோக்கியம்மாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நாலாம் தேதி வந்தாள். மாற்றுச் சாவியை நீட்டியபோது வேண்டாம், மணி அடித்துக்கொள்கிறேன் என்றாள். லலிதாம்பிகை வற்புறுத்தவில்லை. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளினார்கள். பேச்சு முன்போல ஓடவில்லை. ஆரோக்கியம்மாளின் கண் மட்டும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த டிவியில் நின்றது. டீப்பாய் மேல் கிடந்த அதன் ரிமோட்டில் மைக் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது.

"இது?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றாள் லலிதாம்பிகை. எழுந்துபோய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஆரோக்கியம்மாள், தான் வேலை பார்த்துவிட்டு வந்த வீட்டைப் பற்றி மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.