நான்கு வீட்டு மோட்டார்

குழாயிலிருந்து முதலில் வருவது காற்றுதான். "புஸ்ஸ்" என்று நீளமாக மூச்சுவிட்டு, இரண்டு முறை இருமி, துருவும் மண்ணுமாக ஒரு கையளவு கக்கிய பிறகுதான் தண்ணீர் வரும். எண்பதுகளில் திண்டுக்கல்லில் வளர்ந்த எவரையும் எந்த வேலையிலிருந்தும் எழுந்து ஓடவைக்கும் சத்தம் அது. பத்து நாளுக்கு ஒரு முறை, கோடையில் அதற்கும் மேலே தள்ளிப்போய், எந்த நேரம் என்று யாருக்கும் சொல்லாமல் வரும். அழுத்தம் போதாமல் தண்ணீர் மேலே ஏறாது என்பதால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, குழிக்குள் நின்று குடம் பிடித்தோம். அதற்கும் வராமல் போனபோது எங்கள் சந்துக்கு மோட்டார் வந்தது.

நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மோட்டார், அரைக் குதிரைத்திறன் கொண்டது, "அரைக் குதிரை" என்பார்கள். நகராட்சி ஆட்கள் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் அதை எங்கும் நிலையாகப் பொருத்தவில்லை. ஒரு வீடு பிடித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சிக்கல் அதில் இல்லை. நான்கு வீட்டுச் சுவரிலும் பிளக் செருக நான்கு விதமான ஓட்டைகள் இருந்தன. ஒன்றில் இரண்டு ஓட்டை, ஒன்றில் சின்னதாக மூன்று, ஒன்றில் தடியாக மூன்று, எங்கள் வீட்டில் மேல் ஓட்டை உடைந்து சிமெண்டால் அடைக்கப்பட்ட மூன்று. எந்த பிளக்கைப் போட்டாலும் மற்ற மூன்று வீட்டுக்கு ஆகாது. ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி பிளக்கையே வெட்டி எறிந்தார்கள். வயரின் நுனியைச் சீவி, இரண்டு கம்பிகளையும் ஓட்டைகளில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியை ஒடித்துச் செருகுவது எங்கள் வழக்கமானது. "குச்சி குடுங்கக்கா" என்றால் அடுப்புக்கா மோட்டாருக்கா என்று கேட்பார்கள்.

வயருக்குள் மூன்றாவதாக ஒரு பச்சைக் கம்பி இருந்தது. அது எதற்கென்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. அது வேலையில்லாமல் தொங்கியது, மோட்டாரைத் தொட்டால் "சுர்ர்" என்று இழுத்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பெண்கள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள், அவ்வளவுதான்.

அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். நடுவழியில் நின்ற வண்டியைக் கம்பியும் கயிறும் வைத்து ஊர் கொண்டுவந்து சேர்க்கிற கை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சைக் கம்பியைக் கருப்புக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றினார். செருகி ஓடவிட்டு, வெறுங்கையை மோட்டார்மேல் வைத்தார். சுர்ரென்று ஒன்றும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். அவளும் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எதிர்வீட்டு ஜைனம்பு அக்கா, "இம்புட்டுத்தானா? இதுக்கா இம்புட்டு நாளு செருப்பப் போட்டுக்கிட்டு ஆடுனோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அப்பா லாரி ஏறிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் மாலை, ஐந்தாம் வகுப்பில் படித்த நான் பள்ளி விட்டு வந்து பையை இறக்கிய நேரம், குழாய் மூச்சுவிட்டது. பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. தம்பிக்கு வயிற்றுப்போக்கு, அடியில் கிடந்த கடைசிக் குடத்தைத் துணியில் வடிகட்டி அம்மா அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அப்படியே எழுந்து ஓடி வெறுங்காலோடு குழிக்குள் குதித்தாள். மோட்டாரை அணைத்துப் பிடித்துக் குழாயோடு சேர்த்துக்கொண்டே, "சொருகு தாயி, வெரசாச் சொருகு, நின்னுறப் போகுது" என்றாள். நான் இரண்டு குச்சியை ஒடித்தேன், கம்பிகளை விட்டேன், சுவிட்சைத் தட்டினேன். எந்தக் கம்பியை எந்த ஓட்டையில் விட்டேன் என்று எத்தனையோ வருடங்களாக யோசிக்கிறேன், நினைவில் இல்லை.

மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. வாசலுக்கு வந்து பார்த்தேன். அம்மா மோட்டார்மேல் குனிந்திருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. "அம்மா, தண்ணி வீணாப் போகுது" என்று இரண்டு முறை கத்தினேன். குடத்தோடு வந்த ஜைனம்பு அக்கா ஒரு பார்வைதான் பார்த்தார், குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கம்பிகளைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நேரம் வந்துருச்சு, போய்ட்டா" என்றார்கள். "சாமி கூப்ட்டுக்கிருச்சு" என்றார்கள். யார் செருகியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் கேட்பார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அன்று அந்தக் குழியில் பிடித்த தண்ணீரில்தான் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.

எனக்கு விஷயம் புரிய நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வயரிங் செய்ய வந்த பையன் ஒரு மூன்று பின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவாக்கில் சொன்னான்: "மேல இருக்க பின்னு மட்டும் ஏன் நீளமா, தடியா இருக்கு தெரியுமாக்கா? பச்சக் கம்பி அதுலதான் வரும், எர்த்துன்னு பேரு, ஷாக் அடிக்காம கரண்ட மண்ணுக்கு எறக்கிவிடுறது. அது மொதல்ல போயிச் சேரணும், கடைசியா வெளிய வரணும். கொழந்த கூட மாத்திச் சொருக முடியாது. அப்பிடித்தான் செஞ்சு வச்சிருக்கான்." நான் கேட்டேன், பச்சையையும் கருப்பையும் சேர்த்து முறுக்கிவிட்டு வெறுங்கம்பியை மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று. "நேராச் சொருகுனா ஒண்ணும் தெரியாது. மாத்துனா கருப்புல வர்ற கரண்டு பச்ச வழியா ஏறி, மோட்டார் ஒடம்பு பூரா கரண்டுதான். யாரு அப்பிடிச் செய்வாங்கக்கா?" என்றான்.

அதன் பிறகு தேடித்தேடிப் படித்தேன். பல நாட்டு ஆட்கள் வருடக்கணக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எர்த் கம்பிக்குப் பச்சையில் மஞ்சள் கோடு போட வேண்டும், நிறம் பிரித்தறிய முடியாதவனுக்கும் கோடு தெரியும் என்றெல்லாம் வாதாடி எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கச் சலிப்பூட்டும் காகிதங்கள் அவை. எனக்குப் படிக்கப் படிக்க அழுகைதான் வந்தது. ஈரக் கையோடும் அவசரத்தோடும் ஒரு பத்து வயதுப் பிள்ளை வந்து செருகும் என்பதை யாரோ, எங்கோ, முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை எங்கள் சந்துக்கு வந்து சேரவில்லை; வந்த அளவையும் நாங்கள் வெட்டி எறிந்தோம்.

இன்று அந்தச் சந்தில் குழிகளை மூடிக் கல் பதித்துவிட்டார்கள். சுவர்களில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஓட்டைகள். பிளக் ஓட்டையில் தீக்குச்சி செருகுவதை என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

போன மாதம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எண்பத்திரண்டு வயது அவருக்கு. காது மந்தம், அருகில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கு கம்பியச் சொருகுனது நான்தாம்ப்பா." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும் தாயி. சின்னப் புள்ள, பதட்டத்துல தப்பாச் சொருகிட்ட. கேட்டா நீ தாங்க மாட்டேன்னுதான் ஒரு நாளும் கேக்கல. நா ஒன்னய எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அவர் அன்று கருப்போடு முறுக்கிவிட்ட பச்சைக் கம்பியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.